வழுவும் வழுவமைதியும்

நன்னூல் கற்ற காலத்தில் எம்மை மிகவும் மயக்கியது வழுவமைதி. வழு என்பது பிழை, அது விளங்கும். பிழையென்று தெரிந்ததைக் காரணங் காட்டி ஏற்றுக்கொள்வது எவ்வாறு இலக்கணமாகும் என்று பவணந்தியாரோடு மனத்துள் வாதாடியதுண்டு. அவ்வாதத்தைத் தைப்பொங்கல் விடுமுறையில், உடுப்பிட்டியில் எம் தமக்கையார் வீட்டு விறாந்தையில், மீண்டும் எடுக்க நேர்ந்தது.

தமக்கையாரின் பேரன் உயர்தர வகுப்பு மாணவன். பைதன் மொழியில் தான் முதன்முதலாக எழுதிய செய்நிரலை மடிக்கணினியில் திறந்து காட்டினான். பந்தொன்றைச் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில், 45 பாகைக் கோணத்தில் எறிந்தால் எங்கே விழும் என்று, காலத்தை நூறிலொரு செக்கனாக நகர்த்தி நகர்த்திக் கணிக்கும் நிரல் அது. புவியீர்ப்பு ஆர்முடுகலை 9.8 எனக் கொண்டால் சமன்பாடு தரும் விடை 40.82 மீற்றர். நிரல் 40.81 என்றது. மெச்சினோம். மெச்சிய பின்னரே கடைசி வரியைக் கண்டோம். அங்கே விடை 1.113 ஆற் பெருக்கப்பட்டிருந்தது.

"இஃது என்ன, தம்பி?"

"காற்றுத் தடைக்காக, தாத்தா. முதலில் 36.67 தான் வந்தது. அதனாற் சரிசெய்தேன்."

நிரலில் எவ்விடத்தும் காற்று எழுதப்படவில்லை. எழுதாத காற்று எவ்வாறு தடுக்கும் என்று கேட்க வாயெடுத்தோம், நா எழவில்லை. எம்மோடு ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் நின்ற நண்பர்களுக்குக் காரணம் நினைவிருக்கலாம். ஊசற் பரிசோதனையிலே, ஊசலை இருமுறை ஆட்டிவிட்டு, எஞ்சிய அளவீடுகளை விடையிலிருந்து பின்னோக்கிக் கணித்து எழுதினோம். ஆறு நீளங்களுக்கும் 980 வந்தது. ஆசிரியர் கொப்பியை நெடுநேரம் பார்த்தார். "யாழ்ப்பாணத்து அகலக்கோட்டில் இது 978க்கு அண்மையில் வரவேண்டும். நீர் எந்த நாட்டிற் சென்று ஊசலை ஆட்டினீர்?" என்றார். வகுப்புச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அக்கதையை மறைக்காமற் பேரனுக்குச் சொன்னோம். பின்பு, 45ஐ விட்டு 30 பாகையை இடுமாறு கூறினோம். அவன் வேறு கோணம் எதையும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. விடை 0.03 மீற்றர், கைக்குக் கீழே மூன்று விரல் தள்ளி விழுந்த பந்து! சரியான விடை 35.35. அடுத்து 90 பாகை. நேர் மேலே எறிந்த பந்து எறிந்தவன் தலையிலன்றோ விழவேண்டும்? அது 36 மீற்றருக்கு மேற் பின்னே சென்று விழுந்தது. மாங்காய்க்குக் கல்லெறிந்து வளர்ந்த எவரும் இதனை நம்பார். பையனும் நம்பவில்லை. 1.113ஐத் தானே அழித்தான்.

வழு எங்கே இருந்தது? சைன், கோசைன் கணிக்கும் கணினிச் சார்புகள் கோணத்தை ஆரையனில் எதிர்பார்ப்பன. இவன் பாகையிற் கொடுத்துவிட்டான். 45 ஆரையன் என்பது ஏழு முழுச்சுற்றுச் சுற்றி, எட்டாஞ் சுற்றில் 58 பாகைக்குச் சற்று மேலே நிற்பது. ஆகவே பந்து உண்மையில் 58 பாகையில் எறியப்பட்டது. விடை நம்பத்தக்கதாயிருந்தது தற்செயல். அந்தத் தற்செயலே கேடு. 30 ஆரையனோ நிலத்தை நோக்கியது. அலகு மாறுவது சிறுபிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. 1999ஆம் ஆண்டில் அமெரிக்கர் செவ்வாய்க்கு அனுப்பிய காலநிலை ஆய்வுக்கலம், ஒரு சாரார் பிரித்தானிய அலகிலும் மறுசாரார் மெற்றிக் அலகிலும் கணித்தமையால் அழிந்தது.

கணினிக்கும் எறியத்துக்கும் உறவு பழையது. 1946இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்னும் மின்னணுக் கணினி, பீரங்கிக் குண்டு விழும் தூர அட்டவணைகளைக் கணிக்கவென்றே தொடங்கப்பட்டது. இதனைச் சொன்னபோது தமக்கையார் அடுக்களை வாயிலில் வந்து நின்றார். 1987ஆம் ஆண்டு வைகாசி, ஆனி மாதங்களில் வடமராட்சியில் இருந்தவர் அவர். ஷெல் புறப்படும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் இடையில் எண்ணிக்கொண்டிருந்த அவருக்கு எறியம் எங்கே விழும் என்பது ஏட்டுக் கணக்கன்று. "கணக்குச் சரியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பையன் பாகையை ஆரையனாக்கினான். 45க்கு விடை 41.01. இப்போது 0.19 மீற்றர் கூடிவிட்டது! அவன் விரல் மீண்டும் பெருக்கற் குறியை நாடியதைக் கண்டோம், எடுத்துக்கொண்டான். தாளிற் படம் வரைந்து பார்த்தோம். மேலேறும் பந்தின் வேகம் கணந்தோறும் குறைகிறது. நிரலோ ஒவ்வோர் அடியிலும் தொடக்க வேகத்தையே அடி முழுவதற்கும் கொள்கிறது. அதனாற் பந்து எப்போதும் இருக்கவேண்டிய உயரத்துக்குச் சற்று மேலேயே இருக்கும். ஓரடி பிந்தி நிலத்தை அடையும். அன்றியும், நிலத்தைக் கடந்த பின்னரே நிரல் நிற்கிறது. அடியை ஆயிரத்திலொரு செக்கனாக்கினான். 40.84 வந்தது.

"இன்னும் 0.02 மிச்சம், தாத்தா."

மிச்சந்தான். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வரும், எவ்வாறு குறைக்கலாம் என்பன தெரியும். பவணந்தியாருக்கு அன்று யாம் கொடுக்காத இடத்தை அவ்விறாந்தையிற் கொடுத்தோம். பையன் நிரலின் தலைப்பில், இவ்விடையில் இக்காரணத்தால் இவ்வளவு வழு உண்டு என்று இரண்டு வரி எழுதிவைத்தான்.

எழுந்திருக்கும்போது மறித்தான். "உங்கள் ஆசிரியர் சொன்னது 978 அல்லவா? அப்படியானால் உடுப்பிட்டியில் எறிந்தால் 9.8 பிழைதானே?"

9.78 இட்டான். 40.93 வந்தது. ஒரு சாணுக்கும் குறைந்த வித்தியாசம். அதையும் தலைப்பில் எழுதினான்.