காற்றுச் சுரங்கத்திடம் கேட்காத கேள்வி

1967 அக்டோபர் 3. கலிபோர்னியாவில் உள்ள எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானம் தரையிறங்கி நிற்கிறது. சற்று முன்புதான் பீட் நைட் என்ற விமானி அதை மணிக்கு 7,274 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒலியைப் போல 6.7 மடங்கு, அதாவது மாக் 6.7. பெரிய சாதனைதான்! ஆனால் வால்பக்கம் போய்ப் பார்த்தால்... அடியில் இருந்த துடுப்பில் ஓட்டைகள். வெல்டிங் பட்டறையில் கேஸ் கட்டரை வைத்து அறுத்தது மாதிரி உலோகம் உருகிப் போயிருக்கிறது. கொஞ்ச நேரம் கூடுதலாக அந்த வேகத்தில் பறந்திருந்தால் நைட் உயிரோடு திரும்பியிருப்பாரா என்பதே சந்தேகம்.

இத்தனைக்கும் எக்ஸ்-15 அவசரத்தில் செய்த விமானம் இல்லை. காகிதத்தில் இருந்த காலத்திலிருந்தே காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் சோதித்து வளர்த்த விமானம். பிறகு எப்படி?

காற்றுச் சுரங்கம் (விண்ட் டனல்) என்பது எளிமையான யோசனை. நிஜத்தில் காற்று நிற்கிறது, விமானம் ஓடுகிறது. சுரங்கத்தில் விமானத்தின் சின்ன மாதிரி நிற்கும், காற்று ஓடும். சாதாரண வேகத்துக்கு ஒரு பெரிய மின்விசிறி போதும். மாக் 5-க்கு மேலே, ஹைப்பர்சானிக் என்று சொல்லப்படும் வேகத்துக்கு விசிறியெல்லாம் உதவாது. ஒரு பக்கம் அழுத்தி அடைத்த காற்று, மறுபக்கம் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றுத் தொட்டி. நடுவில் குறுகி விரியும் ஒரு குழாய். வால்வைத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு ஓடும். தொட்டி நிரம்புவதற்குள் அளக்க வேண்டியதை அளந்துவிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்று விரியும்போது குளிரும். அறை வெப்பத்தில், அதாவது 27 டிகிரியில் இருக்கும் காற்றை மாக் 7 வரை விரித்தால் அது சுமார் மைனஸ் 245 டிகிரிக்கு இறங்கும் என்கிறது கணக்கு. அதற்கு முன்பே காற்று திரவமாகத் தொடங்கிவிடும். அதனால் முதலில் சூடாக்கி, பிறகுதான் விட வேண்டும். அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஜான் பெக்கர் 1945-ல் யோசனை சொல்லி, 1947-ல் ஓடத் தொடங்கிய சுரங்கம் இப்படிப்பட்டதுதான். அதன் அளவு வெறும் 11 அங்குலம்! ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்கூட இல்லை.

அந்தச் சின்னச் சுரங்கம் செய்த உதவி சின்னதில்லை. வேகம் ஏற ஏற மெல்லிய வால் விமானத்தை நேராகப் பிடித்து வைக்கும் சக்தியை இழந்துவிடும். வாலை ராட்சத அளவுக்குப் பெரிதாக்குவதா? லாங்லியின் சார்லஸ் மெக்லெலன் வேறு வழி சொன்னார். விறகு பிளக்கும் ஆப்பு மாதிரி, முன்னால் கூராகவும் பின்னால் தடிமனாகவும் வாலைச் செய்யுங்கள் என்றார். 11 அங்குலச் சுரங்கமும் அது சரி என்றது. எக்ஸ்-15-ன் படத்தைப் பின்பக்கமிருந்து பார்த்தால், வால் பாதியில் வெட்டி எடுத்தது போலத் தட்டையாக முடிவது தெரியும். பார்க்க அழகாக இல்லைதான், ஆனால் 1959 முதல் 1968 வரை நடந்த 199 பயணங்களில் அந்த வடிவம்தான் பறந்தது.

சரி, ஓட்டைக்கு வருவோம்.

சுரங்கத்தில் மாக் எண்ணைச் சரியாகக் கொண்டுவரலாம். ஆனால் மாக் 6.7-ல் பறக்கும் விமானத்தின் மூக்கில் மோதி நிற்கும் காற்று 2,000 டிகிரியை நெருங்கும். சுரங்கத்தில் காற்றைச் சூடாக்குவதோ அது திரவமாகாமல் இருக்க மட்டும், சில நூறு டிகிரிதான். மாக் எண் பொருந்தும், வெப்பம் பொருந்தாது. வெப்பத்தைப் பொருத்தும் சுரங்கங்கள் பலவற்றில் காற்று ஓடுவது மில்லி விநாடிகள் மட்டுமே. எல்லாம் ஒருசேரப் பொருந்துவது வானத்தில்தான். இருப்பாய்வின் இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டதால் கணக்கில் பிழையே இல்லை என்று எந்தக் கணக்குப்பதிவியல் ஆசிரியரும் சொல்ல மாட்டார். அது மாதிரிதான் இதுவும்.

அன்றைய பயணத்தில் துடுப்புக்கு அடியில் ஒரு டம்மி ராம்ஜெட் எஞ்சினைத் தொங்கவிட்டிருந்தார்கள். பின்னால் நிஜ எஞ்சினைப் பொருத்தும் திட்டம். வெப்பத்தைத் தாங்க உடல் முழுக்க ரோஜா நிறப் பூச்சு, அதன்மேல் வெள்ளைப் பூச்சு. யாரும் எதிர்பார்க்காதது, டம்மியின் மூக்கிலிருந்து கிளம்பிய அதிர்வலை துடுப்பின் முன்விளிம்பில் இவ்வளவு மோசமாக மோதும் என்பதைத்தான். இரண்டு அதிர்வலைகள் சந்திக்கும் இடத்தில் வெப்பம் பல மடங்கு கூடியது. பூச்சு போனது, உலோகம் உருகியது. தரையிறங்க வரும்போது டம்மி எஞ்சினே கழன்று விழுந்துவிட்டது.

அதிர்வலைகள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன நடக்கிறது என்பதை அடுத்த ஆண்டே, 1968-ல், சுவீடனில் பாரி எட்னி ஆறு வகையாகப் பிரித்து விளக்கினார். ஒரு வகையில் மெல்லிய காற்றுத்தாரை ஒன்று உருவாகி, ஒரே புள்ளியில் ஊதுகுழல் மாதிரி அடிக்கிறது. அவர் இதைக் கண்டுபிடித்ததும் காற்றுச் சுரங்கத்தில்தான்! இந்தக் கேள்வியைக் கேட்டதும் சுரங்கம் பதில் சொல்லிவிட்டது.

அந்த எக்ஸ்-15 அதன்பின் பறக்கவேயில்லை. இப்போது ஒஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் அடியில் தொங்க வேண்டிய நிஜ எஞ்சினும் கடைசிவரை வானம் ஏறவில்லை. 1970-களில் அதைத் தரையில், காற்றுச் சுரங்கத்தில் வைத்தே ஓட்டிப் பார்த்தார்கள்.