ஆள் ஏறினால்தான் தெரியும்

ஒகேனக்கல்லில் பரிசல் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் பரிசல் ஓடாத நாளில் போக வேண்டும். ஓடுகிற நாளில் அங்கே யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது. கர்நாடகத்திலிருந்து இறங்கும் காவிரியை எல்லையிலேயே, பிலிகுண்டுலுவில், மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தபோதும் அந்த இடத்துக் கணக்கைத்தான் வைத்துச் சொன்னது. இரண்டு மாநிலங்களுக்கு அது வழக்கு. கரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது அன்றைய கூலி. நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் தடை போடும். பரிசல்கள் கரையேறிக் கவிழ்ந்து கிடக்கும். தார்ச்சட்டி அடுப்புக்கு வரும்.

நாகப்பட்டினத்தில் விசைப்படகு மெக்கானிக்குகளோடு சுற்றிய பழக்கம் எனக்கு உண்டு. எஞ்சினே இல்லாத படகில் என்ன கோளாறு வரும், அதை எப்படிப் பிடிப்பார்கள் என்று பார்க்கத்தான் வந்தேன்.

பரிசலின் உடம்பு மூங்கில். பிளந்து சீவிய பட்டைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவில் கல்லை வைத்து அழுத்திக்கொண்டு, ஓரங்களை மேலே வளைத்து விளிம்பு கட்டுகிறார்கள். முன்பு வெளியே மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள், அதன்மேல் தார். அடி தட்டையாக இருப்பதால் பாறை இடுக்கில் முழங்கால் தண்ணீர் இருந்தாலும் போகும். எஞ்சின் விசிறி அந்தப் பாறைகளில் ஒரு பயணம் தாங்காது.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிறு வயதிலிருந்து துடுப்புப் போட்டவர். தண்ணீர் கசிகிறது என்று ஒரு பரிசலைக் கொண்டுவந்திருந்தார்கள். ஓட்டுகிற இளைஞன் நடுப்பக்கத்தில் ஈரமாக இருந்த இடத்தைக் காட்டி, இங்கே தார் வைத்தால் போதும் என்றான்.

“தண்ணி நிக்கிற எடத்துல ஓட்டை இருக்காதுப்பா,” என்றார் பெரியவர். மூங்கில் பின்னலுக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. விளிம்புக்குக் கீழே எங்கோ நுழைகிற தண்ணீர் அந்த இடைவெளியில் ஓடி, பள்ளமான இடத்தில் வந்து முகம் காட்டுகிறது. அங்கே எத்தனை சட்டித் தார் ஊற்றினாலும் கசிவு நிற்காது.

பரிசலைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு வெயிலில் நின்றார். உள்ளே இருட்டு, கறுப்பில் ஊசிமுனை வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று கண்ணை ஓட்டினார். ஓரிடத்தில் தெரிந்தது, சுண்ணாம்பால் குறி வைத்தார். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் பரிசலை ஆழமில்லாத தண்ணீரில் இறக்கி, காய்ந்த மணலை உள்ளே மெலிதாகத் தூவினார். ஒன்றும் நனையவில்லை. பிறகு அந்த இளைஞனையும் இன்னும் இரண்டு பேரையும் ஏறி உட்காரச் சொன்னார். மூங்கில் கிறீச்சிட்டது, அடி லேசாகப் பிதுங்கியது. அடியும் பக்கமும் சேரும் வளைவில் மணல் கறுக்க ஆரம்பித்தது. வெளிச்சம் காட்டிக்கொடுக்காத கீறல் அது. பாரம் ஏறும்போது வாய் திறந்து, இறங்கியதும் மூடிக்கொள்கிறது.

“வெறும் பரிசல் பொய் சொல்லும் சார். ஆள் ஏறினாத்தான் உண்மை வரும்.”

நாகப்பட்டினத்து மெக்கானிக் சொன்னதும் இதேதான். கரையில் நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காக உறுமும், கடலில் வலை இழுக்கும்போது மூச்சடைத்து நிற்கும். டீசல் ஃபில்டரில் அழுக்கு அடைத்திருந்தால் சும்மா ஓடுவதற்குத் தேவையான கொஞ்ச எண்ணெய் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். பாரம் கூடி எண்ணெய் அதிகம் கேட்கும்போதுதான் அடைப்பு தெரியவரும். அதனால் அவர் கரையில் நின்ற படகைப் பார்த்து எதையும் சொல்லமாட்டார், கூடவே கடலுக்கு ஏறிவிடுவார்.

கீறலைச் சுற்றிப் பழைய தாரைச் சுரண்டினார்கள். காய விட்டார்கள். ஈரத்தின்மேல் தார் பிடிக்காது. இந்த வேலையில் பாதி, காயும்வரை சும்மா இருப்பது. பிறகு சாக்குத் துண்டு, அதன்மேல் காய்ச்சிய தார். தருமபுரி வெயிலில் அது இளகும் என்பதால் பரிசலை நிழலுக்கு இழுத்தார்கள்.

காத்திருந்த நேரத்தில் ஹெரோடோட்டஸ் பற்றிச் சொன்னேன். பாபிலோனுக்கு ஆற்றோடு வந்த வட்டப் படகுகளின் சட்டத்தை அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றி ஊர் திரும்புவார்கள் என்று அந்தக் கிரேக்கர் எழுதியிருக்கிறார். பெரியவர் சிரித்தார். இங்கே தலைகீழ். தாளை வருஷத்துக்குப் பல முறை மாற்றலாம், பின்னல்தான் சொத்து. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டோமிங்கோ பயஸ், தோல் போர்த்திய கூடைப் படகில் 15, 20 பேர் ஆறு கடந்ததை எழுதியதையும் சொன்னேன். “அது பெரிய பரிசலா இருக்கும்,” என்றார், அவ்வளவுதான். ஆற்றில் இருப்பவருக்கு வரலாறு பெரிய விஷயமில்லை.

அடுத்த பரிசலை அவர் கவிழ்த்துப் பார்க்கவே இல்லை. வளைவில் மூங்கிலைக் கட்டைவிரலால் அழுத்தினார், பொடியாக உதிர்ந்தது. சொந்தக்காரர் தார் போட்டாவது இந்த சீசனை ஓட்டிவிடலாமா என்று கேட்டார்.

“தண்ணி நிக்கும்ணா, ஆளு நிக்கமாட்டான். சவாரிக்கு வேண்டாம். மீன் வலை போட ஒத்த ஆள் எடுத்துட்டுப் போகட்டும், அதுவும் ஓரமா.”