பஞ்சாரத்துக்குள் பத்து நாள்

மெக்கானிக்கல் பையன் லேத், மில்லிங் பற்றி எழுதுவான் என்று நினைத்தீர்களா? நான் எழுதுவது எங்கள் செவலைக் கோழியைப் பற்றி!

எங்கள் வீட்டில் ஏழு நாட்டுக்கோழிகள். முட்டைக் காசில்தான் என் பரீட்சை ஃபீஸ். ஒரு சாயங்காலம் கீரி கடித்து, செவலையின் முதுகுத்தோல் கிழிந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, ரத்தத்தைப் பார்த்ததும் மற்ற கோழிகளே புண்ணைக் கொத்த ஆரம்பித்தன. விட்டால் கொத்தியே கொன்றுவிடும்.

"அறுத்துடலாம்" என்றார் அப்பா. "அடைக்கு உட்கார்ற கோழிங்க, பத்து நாள் பாப்போம்" என்றாள் அம்மா.

உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் புண்ணைக் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினோம். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும் என்று தினமும் பார்த்தேன்.

கோழிகளுக்குள் 'யார் யாரைக் கொத்தலாம்' என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே 1922-லேயே இதை எழுதியிருக்கிறார். கண்ணில் படாமல் நாள்கணக்கில் ஒதுக்கி வைத்தால், திரும்பி வரும் கோழியைப் புதுசு என்று விரட்டும். அதனால் பஞ்சாரத்தை முற்றத்து நடுவிலேயே கவிழ்த்தோம். மூங்கில் இடுக்கு வழியே எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே மேய்ந்தன.

புண் காய்ந்ததும், இருட்டிய பிறகு கூண்டில் விட்டோம். காலையில் இரண்டு கொத்து வாங்கியது, அவ்வளவுதான்! அடுத்த மாதம் அடை உட்கார்ந்து, 21-ஆம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது.

அரியர் விழுந்த நண்பனை நாமும் கொத்துகிறோமே, தோழர்களே! அவனையும் நம் கண் முன்னாலேயே வைத்துக்கொள்வோம்.