பண்டல் சீட்டில் ஒரு வாரம்

திங்கள்

திருப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பவர் டேபிள், சின்னத் தையல் பட்டறை. காலை எட்டரைக்கு மோட்டார் போட்டதும் ரேடியோவும் பாடத் தொடங்கிவிடும். இரவு எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடிந்து மோட்டாரை நிறுத்தும்வரை அதுவும் ஓயாது. இந்தத் தொழிலுக்கு டீவி ஆகாது, செல்போன் திரையும் ஆகாது. கண்ணும் கையும் ஊசிக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பது காது மட்டும்.

ஓவர்லாக் மிஷினில் உட்காரும் டெய்லருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எல்லோருக்கும் அவர் அண்ணன். வெட்டிய துணிப் பண்டலோடு வரும் சீட்டில் சைஸ், நிறம், பீஸ் எண்ணிக்கை இருக்கும். பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இந்தத் திங்கட்கிழமை அங்கே அவர் ஒரு கணக்கு எழுத ஆரம்பித்தார். புதுப் படம் ஒன்றின் குத்துப் பாட்டு, 8.50. பக்கத்து அலைவரிசையில் அதே பாட்டு, 10.15. பழைய இடத்துக்கே திரும்பினால் 11.40. சாப்பாட்டு மணிக்குள் மூன்று.

கைமடித்துக் கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். “ஏனுங்ணா, பாட்டுக்கும் பீஸ் ரேட்டுங்களா?”

செவ்வாய்

ஆர்.ஜே. சோம்பேறித்தனமாக ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார் என்பது அண்ணனின் சந்தேகம். ஆர்.ஜே. பாவம். பெரும்பாலான தனியார் நிலையங்களில் பாட்டைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலையே அல்ல. ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே அன்றைய பட்டியல் திரையில் தயாராக இருக்கும். இரண்டு பாட்டுக்கு நடுவே பேசுவதுதான் அவருக்கு விட்ட இடம்.

பட்டியலைப் போடுவது மென்பொருள். 1979-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் ‘செலக்டர்’ இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பெயர்போனது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஜாதகம் எழுதி வைத்திருப்பார்கள்: எந்த ஆண்டு, யார் பாடியது, வேகம் என்ன, சோகமா கொண்டாட்டமா. ஒரு மணி நேரத்தைக் கடிகார முகம்போல வட்டமாக வரைந்து, எந்த நிமிடத்தில் எந்த ரகம் என்று கூறு போடுவார்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஹிட்டுகள் தனி அடுக்கு, ‘பவர்’ என்று அதற்குப் பெயர். பேச்சுக்கு அந்த அடுக்கில் 12 பாட்டு, மணிக்கு 4 இடம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். அண்ணன் உட்கார்ந்திருப்பது 12 மணி நேரம். ஒரே நிலையத்தில் ஒரு பாட்டு அவர் காதில் நாலு முறை விழுந்தே தீரும். நாலு நிலையமும் அதே படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினால் அலைவரிசையை மாற்ற மாற்ற எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. இந்தக் கடிகாரம் வரையப்பட்டது இருபது நிமிடம் காரில் போகிறவருக்காக. அவர் எப்போது திறந்தாலும் ஒரு ஹிட் காதில் விழ வேண்டும், இல்லாவிட்டால் மாற்றிவிடுவார் என்ற பயத்துக்காக. நாள் முழுக்கக் கேட்கிற ஆளை அந்த வட்டத்தில் எங்கும் காணோம். அதிக நேரம் கேட்பவருக்கு அதிகத் தண்டனை.

இந்த முறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவராக டாட் ஸ்டோர்ஸ் பெயரைச் சொல்வார்கள். 1950-களில் அமெரிக்காவின் ஓமஹா நகரில் நிலையம் நடத்தியவர். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. உணவு விடுதி ஒன்றில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டி. வாடிக்கையாளர்கள் நாள் முழுக்க ஒரே பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடை மூடும் நேரத்தில், அதையே கேட்டுக் காது புளித்திருக்க வேண்டிய பரிமாறும் பெண், தன் சொந்தக் காசைப் போட்டு மறுபடி அதே பாட்டைக் கேட்டாளாம்.

நம்ப முடியாத கதை என்று அதை ஒதுக்க முடியாமல் போனது மாலை ஆறு மணிக்கு. குத்துப் பாட்டு ஐந்தாவது முறையாக வந்தது. அண்ணன் சலித்துக்கொண்டே சீட்டைத் தேடினார். செக்கிங் மேசையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: “கொஞ்சம் சவுண்டு வெய்யுங்ணா!”

புதன்

இரவு, வீடு. கட்டிலில் சாய்ந்தபடி அலைவரிசையை மாற்றினார். ஒன்றில் இளையராஜா. அடுத்ததிலும் இளையராஜா. மூன்றாவதில் நகைக்கடை விளம்பரம்; முடிந்ததும் இளையராஜா. ராஜா மேல் அண்ணனுக்கு ஒரு குறையும் கிடையாது. 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டியவர். ஆனால் இரவில் சுற்றி வருவது அந்த ஆயிரத்தில் கையளவு. மிச்சப் பாட்டெல்லாம் எந்த அலமாரியில் தூங்குகிறதோ!

நிலையத்துக்கு நிலையம் இல்லாத வித்தியாசம் மணிக்கு மணி இருக்கிறது. விடிகாலை பக்தி, காலையில் கலகலப்பு, மதியம் வீட்டுப் பெண்களோடு பேச்சு, மாலை குத்து, இரவு ராஜா. ஒரு தெருவில் இருக்கும் எல்லாக் கடையும் காலையில் ஒன்றாக இட்லி ஊற்றி, இரவில் ஒன்றாகப் பரோட்டா வீசுவதுபோல.

பரோட்டாக் கடைக்காரருக்குத் தெரிந்த கணக்கை 1952-இல் பீட்டர் ஸ்டெய்னர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வானொலிக்குப் போட்டுக் காட்டினார். அதை நம் ஊர் எண்ணில் சொன்னால் இப்படி: ஆயிரம் நேயர்களில் 780 பேருக்குப் புதுப் பாட்டு, 120 பேருக்கு அறுபதுகளின் பாட்டு, 100 பேருக்கு நாட்டுப்புறம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாலு நிலையங்கள் 780-ஐப் பங்கு போட்டால் ஆளுக்கு 195. பழைய பாட்டுக்குப் போனால் 120 மட்டுமே. அதனால் நாலும் புதுப் பாட்டு. ஐந்தாவது வந்தாலும் 156, ஆறாவது வந்தாலும் 130. ஏழாவதாக வருகிறவர்தான் கணக்குப் பார்த்துவிட்டுப் பழைய பாட்டுப் பக்கம் திரும்புவார். நாட்டுப்புறத்துக்கு எட்டாவது ஆளும் வர மாட்டார். போட்டி கூடினால் ரகம் கூடும் என்பது துணிக்கடைக்கு உண்மையாக இருக்கலாம், வானொலிக்கு அப்படி நடக்கவில்லை. நாலும் ஒரே முதலாளி கையில் இருந்தால் அவர் தன் கடையோடு தானே மல்லுக்கட்டாமல் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கூட்டத்துக்கு விடுவார் என்றும் ஸ்டெய்னர் காட்டினார். சங்கடமான முடிவுதான்.

நம் நாட்டில் ஏழாவது ஆள் வருவதே கஷ்டம். 1995-இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்றது. 2001-இல் பெங்களூருவில் முதல் தனியார் எஃப்.எம். வந்தது. முதல் சுற்று உரிமத்தில் ஆண்டுக் கட்டணம் வருடா வருடம் 15 சதவீதம் ஏறும்படி வைத்திருந்தார்கள். பலர் மூச்சு முட்டிப்போனார்கள். 2005-இல் அதை மாற்றி வருவாயில் 4 சதவீதம் என்றார்கள். ஆனாலும் ஏலத்தில் கட்டிய நுழைவுக் கட்டணம் தலைமேல் நிற்கிறது. தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை அப்படியே தரலாம் என்ற விதி வேறு. மணிக்கு 10 நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. செய்தியால் தனித்துத் தெரிய வழியில்லாத இடத்தில் மிஞ்சுவது பாட்டும் பேச்சும். அதில் யாரும் சூதாட மாட்டார்கள்.

ராயல்டியைக் காரணம் சொல்வதும் முழுக்க எடுபடாது. 2010-இல் பதிப்புரிமை வாரியம் அதை நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று வகுத்தது. 2020 வரை நடப்பில் இருந்த அந்தக் கணக்கில் ஊரே பாடும் ஹிட்டும் ஒருவரும் கேட்காத பாட்டும் ஒரே விலையாகத்தான் இருந்தன.

வியாழன்

காலையில் கரண்ட் இல்லை. மிஷின் நின்றதும் பழங்கதை வந்துவிட்டது.

அண்ணனின் அப்பா தறிக்காரர். தறிக்குழிக்கு மேலே தொங்கிய ரேடியோவில் இலங்கை வானொலிதான். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர்களைக் கோயில் பிரசாதம்போல ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி டீவிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த அலையில் கேட்டதுண்டு என்றார்.

கடல் தாண்டிக் கேட்க வேண்டியிருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து அது விரட்டப்பட்டது. நேயர்கள் கூட்டமாகக் கொழும்புக்குப் போனார்கள். 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதி தொடங்கித்தான் கொஞ்சம் பேரை மீட்க முடிந்தது. அன்று சினிமாப் பாட்டே கிடையாது, இன்று சினிமாப் பாட்டைத் தவிர எதுவும் கிடையாது. இரண்டிலும் அண்ணனை யாரும் கேட்கவில்லை.

இலங்கை வானொலியும் சினிமாப் பாட்டில்தான் பிழைத்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பாட்டை எடுத்துவைத்தது ஒரு மனிதரின் ரசனை. அறிவிப்பாளர் மாறினால் பாட்டின் வாசனையும் மாறும்.

வெள்ளி

மூலை மிஷினில் இருக்கும் ஒடிசாப் பையன் காதில் எப்போதும் ஒரு வயர். அவனுக்குப் பக்கத்தில் பீகார்க்காரன், அவன் காதிலும் வயர். ஒருவனுக்கு ஒடியா, ஒருவனுக்கு போஜ்புரி. திருப்பூரின் தையல் மிஷின்களில் பாதி ஊர் மாறிவிட்டது. பஸ் போர்டில் இந்தி வந்துவிட்டது, மெஸ்ஸில் ரொட்டி வந்துவிட்டது. சுவரில் இருக்கும் ஸ்பீக்கருக்கு மட்டும் இந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

வெளியூர்ப் பாட்டு கிடக்கட்டும். உள்ளூர்ப் பாட்டு எங்கே? வள்ளி கும்மி அரங்கேற்றம் என்றால் இந்தப் பக்கத்தில் ஊரே மைதானத்தில் நிற்கிறது. உடுக்கையடித்து இரவிரவாகப் பாடும் அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர் வரலாறு, இந்த மண்ணின் காவியம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-இல் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தவர் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர், கனடா நாட்டுக்காரர். அவர் டேப் ரெக்கார்டர் தூக்கிக்கொண்டு வந்தார். கூப்பிடு தூரத்தில் கோபுரம் வைத்திருக்கும் எஃப்.எம்.களின் வட்டக் கடிகாரத்தில் உடுக்கைக்கு ஒரு கூறு கிடையாது. சென்னைக் கானாவுக்கும் இதே கதிதான்: படத்துக்குள் நுழைந்தால் ரேடியோவுக்குள்ளும் நுழையலாம்.

சமுதாய வானொலி என்ற ஒன்று இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1-இல் தொடங்கியபோது நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அனுமதிக்கும் சக்தி 100 வாட். ஊர் எல்லை தாண்டினால் கொரகொரப்பு.

சனி

சம்பள நாள். கான்ட்ராக்டர் வர நேரமாகும், கூட்டமாகக் காத்திருக்க வேண்டும். பீகார்க்காரன் தன் செல்போனை ஸ்பீக்கரில் மாட்டினான். போஜ்புரிப் பாட்டு ஒன்று தகரக் கூரையை அதிர வைத்தது. செக்கிங் அக்கா முதலில் முகம் சுளித்தார், பிறகு கால் தாளம் போட்டது. இரண்டாவது பாட்டு முதல் பாட்டு மாதிரியே இருந்தது, மூன்றாவதும் அப்படியே. அவன் ஊர்ப் பட்டியலிலும் ஏதோ ஒரு ‘பவர்’ அடுக்கு இருக்கும் போலிருக்கிறது.

அண்ணன் மெல்ல வயரைப் பிடுங்கி, கோவை வானொலியின் 103-க்குத் திருப்பினார். அங்கேயும் சினிமாப் பாட்டுதான். ஆனால் அவர் ஏழெட்டு வருடமாகக் கேட்டிராத பாட்டு, படம் பெயரே நினைவில் வரவில்லை. பாட்டு முடிந்ததும் ஒருவர் நிதானமாகப் பேசினார். ஜிங்கிள் இல்லை, சிரிப்பு இல்லை. கையில் கிடைத்த சீட்டில் 103 என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.

அவசரத்தில் அந்தச் சீட்டு பண்டலோடு சேர்ந்து மேசைக்குப் போய்விட்டது. ஐந்து நிமிடம் கழித்து அக்கா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்னங்ணா இது? 100 இருக்குது, 105 இருக்குது. 103-ன்னு ஒரு சைஸே கிடையாதுங்களே?”