குரோம்பேட்டையும் ராப்பா நூயியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. கிண்டியைத் தாண்டியதும் நிலையப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் எட்டுப் பெயர்கள் வரும்: பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். இவற்றில் எது மண்ணின் பெயர், எது வெளியிலிருந்து ஒட்டியது? பழையது சொந்தம், புதியது இரவல் என்று சட்டெனப் பிரித்துவிடத் தோன்றும். அந்தப் பிரிப்பு தவறு என்பதே என் கட்சி. ஒரு பெயர் ஊருக்குச் சொந்தமா என்பதை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அங்கே வாழ்கிறவர்கள் அதைத் தங்கள் பெயராகச் சொல்லிக்கொள்கிறார்களா என்பதுதான் தீர்மானிக்கிறது.

பல்லாவரத்தையே எடுத்துக்கொள்வோம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் பழங்கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதைச் செதுக்கியவர்கள் இந்த இடத்தை எப்படி அழைத்தார்கள் என்பது நமக்கு எட்டாது. நம் கைக்கு வந்திருப்பது பல்லவபுரம் என்ற அரசமரபுப் பெயர். முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலும், அதில் அவன் வெட்டுவித்த பட்டப்பெயர்களும் அந்த மரபுக்குச் சாட்சி. ஊரார் வாயில் அது பல்லாவரமாகத் தேய்ந்து சொந்தமாகிவிட்டது. முந்தைய நிலையமான திரிசூலத்தின் பழைய கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் திருச்சுரம். சுரம் எப்போதோ சூலமாக மாறியிருக்கிறது. பரங்கிமலைக்குப் பிருங்கி முனிவரைச் சொல்வோரும் உண்டு, பரங்கியரைச் சொல்வோரும் உண்டு. ஆக, மிகப் பழைய பெயரே உண்மையான பெயர் என்று தோண்டத் தொடங்கினால், தோண்டிக்கொண்டே போகவேண்டியதுதான்.

குரோம்பேட்டைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுந்த குரோம் லெதர் தொழிற்சாலை தந்த பெயர் அது. ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்த வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு அதைச் சில நாளில் முடித்தது. உலோகத்தின் பெயரோடு நம் 'பேட்டை' சேர்ந்து ஊரானது. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை, பெயர் இருக்கிறது. அடுத்துள்ள நாகல்கேணிப் பகுதியின் நிலத்தடி நீரில் தோல் பதனிடுதலின் குரோமியமும் இருக்கிறது. இந்த ஊரின் உழைப்பும் துயரமும் சேர்ந்த பெயரை அந்நியம் என்று எப்படித் தள்ளுவது? சானடோரியமும் அப்படித்தான். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை அங்கே ஒரு சொல்லை விட்டுச்சென்றது. 'சானடோரியத்தில் இறங்கணும்' என்று சொல்லும் பூக்காரம்மாவுக்கு அது ஆங்கிலமே அல்ல.

இதே கேள்வியைப் பசிபிக் கடலின் நடுவே ஒரு தீவு இன்னும் கூர்மையாக எழுப்புகிறது. 1722இல் ஈஸ்டர் ஞாயிறன்று டச்சு மாலுமி ரொக்கவேன் அங்கே போய்ச் சேர்ந்ததால் உலகத்துக்கு அது ஈஸ்டர் தீவு. அம்மக்களுக்கோ தீவும் தாங்களும் தங்கள் மொழியும் எல்லாமே ராப்பா நூயி. ஆனால் 'பெரிய ராப்பா' என்று பொருள்படும் அந்தப் பெயரே 19ஆம் நூற்றாண்டில்தான், பிற பாலினீசியக் கடலோடிகளின் வாய்வழியாக வந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1862இல் தொடங்கிய அடிமை வேட்டையும் அதைத் தொடர்ந்த நோயும் தீவைச் சூறையாடின. 1877இல் எஞ்சியவர்கள் 111 பேர். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். எப்போது வந்தது என்று கேட்டு அதை அவர்களிடமிருந்து பிடுங்க யாருக்கு உரிமை?

புழக்கம்தான் அளவுகோல் என்றால், உலகம் முந்நூறு ஆண்டு சொன்ன ஈஸ்டர் தீவும் செல்லுமே, மதராஸும் செல்லுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சொல்வது யாரோ ஒருவரின் புழக்கத்தை அல்ல, குடியிருப்பவரின் புழக்கத்தை. 1996இல் சென்னை என்று அரசு அறிவித்தபோது தமிழருக்கு அது புதுப்பெயர் அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பெயருக்கு அரசாணை பின்னால் வந்தது. மாறாக, 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திருத்தி வந்த ஆணை சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது, ஆனால் கோயம்புத்தூர்க்காரருக்கே அந்தப் புது எழுத்துக்கோவை அந்நியமாகப் பட்டது.

இன்னொரு மறுப்பும் உண்டு: மக்கள் வாயில் இருப்பது எப்படியும் நிலைக்கும், கவலை எதற்கு? நிலைக்காது. 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகள் எல்லாம் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கின. நிர்வாகத்துக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் நகர், அவென்யூ, என்கிளேவ் என்று மனைப்பிரிவுகள் பெருகப் பெருக, தாங்கல், ஏரி, கேணி என்று நீர் நின்ற இடத்தைச் சொன்ன பெயர்கள் பேச்சிலிருந்து நழுவுகின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் அந்தப் பழைய இடத்தைத்தான் தேடி வருகிறது. உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் கிராமத்தின் பெயர் எழுதியிருக்கும். அதை எடுத்துப் படித்து, வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.