பனிவீதியில் ஒரு பாரம்

உறைபனி படர்ந்த வீதியில் வாகனம் செலுத்துவதே கடினம். பின்னால் ட்ரெயிலரும் பூட்டியிருந்தால் அவதானம் இரட்டிப்பாக வேண்டும். ரொறன்ரோவில் வீடு மாறிய நண்பருடன் பயணித்தபோது இதனை நேரிற் கண்டேன்.

பாரத்தில் ஏறத்தாழ 60 வீதத்தை ட்ரெயிலரின் அச்சுக்கு முன்புறமாகவே அவர் அடுக்கியிருந்தார். பின்புறம் கனத்தால் அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கிவிடும். பனிக்கட்டியில் வாகனம் நிற்பதற்கான தூரமோ 10 மடங்குவரை நீளக்கூடியது. சடுதியாகப் பிறேக்கை அழுத்தினால் பின்பாரம் முன்வாகனத்தைத் தள்ள, இரண்டும் ஒன்றையொன்று நோக்கி மடிந்துவிடும்.

கீழே மண்ணின் வெப்பம் இல்லாமையால் பாலங்களே முதலில் உறைகின்றன. ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னரே அவர் வேகத்தைத் தணித்தார். பாலத்தின்மீது பிறேக்கைத் தொடவேயில்லை. பின்னால் வந்தோர் ஹோர்ன் அடித்தபோதும் விரையவில்லை. பின்னிருக்கையில் அவருடைய இரு பிள்ளைகளும் உறங்கிக்கொண்டிருந்தனர்.

ஒரு மணிநேரம் பிந்தியே போய்ச் சேர்ந்தோம். அதனால் எவருக்கும் நட்டமில்லை.