மணிக்கட்டிலோர் காவலன்

சென்ற ஆடித் தபசுத் திருவிழாவிற்கென வெளிநாட்டினின்றும் சங்கரன்கோயிலுக்கு வந்திருந்த என் தாய்மாமன், தம் கைக்கடிகாரத்தைக் காட்டி, "கார் மோதி நான் நினைவிழந்து கிடந்தாலும், இது தானே உதவிக்கு அழைக்கும்" என்றார். ஜடப்பொருள் விபத்தை எங்ஙனம் அறியும் என்று விசாரிக்கலானேன்.

ஆப்பிள் நிறுவனத்தார் தம் கடிகாரங்களில் இவ்வாற்றலை முதன்முதல் அமைத்தது 2022-ஆம் ஆண்டில். அதனுள் இருக்கும் நுண்கருவியொன்று, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 256 மடங்கு வரையிலான அதிர்ச்சியையும் அளக்கவல்லது. வண்டி புரளுதலை மற்றொரு கருவி உணரும். பேரொலியை ஒலிவாங்கி கேட்கும். இவற்றினும் வியப்பாவது ஒன்றுண்டு. மோதிய கணத்தில் காற்றுப்பை விரிதலால் வண்டியினுள் காற்றழுத்தம் சட்டென்று மாறுமன்றோ? அம்மாறுதலும் அதற்கொரு சாட்சி. சாட்சிகள் ஒத்துவரின் எச்சரிக்கை எழுப்பும். சில விநாடிகளில் மறுமொழி இல்லையெனின் அவசர உதவி எண்ணை அழைத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளைச் சொல்லும். அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காவொன்றில் உருள்வண்டியேறிக் களித்தோரையும் விபத்துற்றோரென எண்ணி அழைத்ததுண்டு! சாட்சிகள் பலராயினும் தீர்ப்புப் பிழைக்கலாம் போலும்.

இவற்றையெல்லாம் நான் விளக்கக் கேட்ட பாட்டியார், "இரண்டு சக்கரத்தில் போகிறவன் விழுந்தால்?" என்றார். மாமனார் விடை கூறிற்றிலர். கார்களின் மோதலைக் கருதியே அஃது அமைக்கப்பட்டது. இராஜபாளையம் சாலையிலோ, விசைத்தறிக் கூடத்தில் இரவு வேலை முடித்து இருசக்கர வண்டியில் வீடு திரும்புவோரே மிகுதி. அவர்க்குக் காற்றுப்பையுமில்லை, அக்கடிகாரம் வாங்கப் பொருளுமில்லை. அவர்பொருட்டு அழைக்க வேண்டியவன் வழிப்போக்கனே.

தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகின்றது. விபத்துற்றோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை அரசு 2021 டிசம்பரில் தொடங்கிற்று. எனினும், போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைய நேருமென்றஞ்சி விலகிச் செல்வோரைக் காண்கின்றோம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும், 2020-இல் வகுத்த விதிகளும், நல்லெண்ணத்தோடு உதவுவோரைக் காக்கின்றன. தம் பெயரைச் சொல்லுமாறும் அவரை வற்புறுத்தலாகாது. இஃது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அழைப்போர் பெரிதும் இடர்ப்படுவது இடத்தைச் சொல்லுங்கால்தான். கடிகாரத்திற்கு ரேகைகள் தெரியும். நமக்குச் சாலையோரக் கற்களுண்டு. திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் செல்லுந்தோறும் சன்னலருகே அமர்ந்து, அவற்றிலுள்ள ஊரையும் எண்ணையும் இப்போது வாசித்து வருகின்றேன்.